மாமா காசு வேண்டாம் என்று சொன்னது பற்றி

மகன்,

பக்கத்துக் கிருலப்பனையில் இருக்கிற உனக்கு வெள்ளவத்தையிலிருந்து நான் கடிதம் எழுதினால், அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைப்பாய். ஒன்றும் நடக்கவில்லை. பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுகிறேன். திங்கட்கிழமையிலிருந்து உனக்குப் போன் எடுத்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "அம்மா, மீட்டிங்கில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்கிறாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. வாட்சப்பில் பேசி அனுப்பலாம் என்றால், நீ அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பல் விளக்கிக்கொண்டு கேட்கிறவன். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ வாசித்து முடிக்கும்வரை எழும்பக்கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ கையெழுத்து வைக்கப் போகிறாய். அதற்கு முன்னர் இதை நீ வாசித்தாக வேண்டும்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். தை மாதம் கலியாணம். உனக்கும் தர்ஷிக்கும் குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்று இங்கே வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் புதிதாகக் கட்டிய தொடர்மாடியில் ஒன்றைப் பார்த்தாய். உன் சேமிப்பு முழுவதையும் அட்வான்சாகக் கொடுத்தாய். மிச்சத்துக்குக் கடன் எடுக்கவேண்டும். இந்த வெள்ளிக்குள் கடன் சரிவந்தது என்று காட்டாவிட்டால் கட்டிடக்காரர் வீட்டை வேறு ஆளுக்கு விற்கலாம், அட்வான்சிலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. உன் சம்பளம் விழுகிற வங்கியில் போய் விசாரித்தாய். வட்டி குறைவுதான், ஆனால் வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பார்க்கவேண்டும், வீட்டை மதிப்பிடவேண்டும், தங்கள் சட்டத்தரணி பார்க்கவேண்டும் என்று அவர்கள் அவசரப்படாமல் ஆறுதலாகக் கதைத்தார்கள். உனக்கு அந்த ஆறுதல் பொறுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தவள் நான். "மாமா இருக்கேக்க நீ ஏன் வங்கி வங்கியா அலையிறாய்?" என்று கேட்டேன். கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்து என் தம்பி குணத்திடம் உன்னை ஒப்படைத்ததும் நான்தான். ஆகையால் இந்தக் கடிதத்தில் வருகிற கோபத்தில் முதல் பங்கு எனக்கு, அடுத்தது உன் மாமாவுக்கு. உனக்குக் கடைசிப் பங்குதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாய். மாமா ஒரு நிதிக் கொம்பனியில் எல்லாவற்றையும் கதைத்து முடித்துவிட்டார், வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்தால் போதும் என்றாய். அப்பா, தரகுக் காசு எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டார். "மாமா ஒரு சதமும் வேண்டாம் எண்டிட்டார் அப்பா. மருமோனிட்ட வாங்கிறதே எண்டு கேட்டவர்" என்று நீ பெருமையாகச் சொன்னாய். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு நண்டுக் காலை எடுத்து உன் சோற்றுக் கோப்பையில் வைத்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீ அதைக் கவனிக்கவில்லை, கவனிக்கிற நிலையிலும் இல்லை. எனக்கு அந்த ஒரு வசனம்தான் காதில் நின்றது. மாமாவுக்குக் கடையில்லை, சம்பளமில்லை. கடன் எடுத்துக் கொடுப்பதுதான் அவனுடைய தொழில், அவன் வீட்டு அடுப்பு எரிவதும் அதால்தான். அப்படிப்பட்டவன் பல நாள் அலைந்து ஒரு வேலையை முடித்துவிட்டுக் காசு வேண்டாம் என்றால், அந்தக் காசு வேறு எங்கிருந்தோ வருகிறது என்றுதானே அர்த்தம்?

உனக்கு மாமாவைத் தெரியும். ஆனால் புரோக்கர் குணத்தைத் தெரியாது. உனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரத்தம் தேடி இந்தக் கொழும்பு முழுக்க ஓடினவன் உன் மாமா. அப்பா வார்ட்டு வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருக்க, இவன்தான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் அதைச் சாகும்வரை மறக்கமாட்டேன். அதே ஆள்தான் ஊரிலிருந்து வந்த புதிதில் எங்கள் ஹோலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, விடிந்தால் போனும் கையுமாகத் திரிந்தான். முதலில் அறை, அனெக்ஸ் என்று வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தான். பிறகு வீடு, காணி. பிறகு வீட்டை வாங்குகிறவர்களுக்குக் கடன். நான் குசினியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டே அவன் கதைக்கிற கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். ஒட்டுக் கேட்டேன் என்று நினைக்காதே. அவன் கதைத்தால் கீழ் மாடிக்கும் கேட்கும்.

அப்போது எனக்கு விளங்கினது இதுதான். கடன் தரகருக்குக் காசு ஒரே வழியால் வருவதில்லை. கடன் எடுக்கிறவர் கொடுப்பது ஒரு வழி. கடன் கைக்கு வந்ததும் அதில் இத்தனை வீதம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். சிலர் அலைச்சல் காசு, ஃபைல் காசு என்று முதலே வாங்கிக்கொண்டு பிறகு போனை எடுக்கமாட்டார்கள். அது சுத்தக் கள்ளத்தனம், அந்த ஆட்களைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னொரு வழி, கடன் கொடுக்கிற கொம்பனியே தரகருக்குக் கொடுப்பது. ஆளைக் கூட்டிக்கொண்டு வந்ததற்கான கூலி அது. சில இடத்தில் கட்டிடக்காரரும் கொடுப்பார், வீடு விற்றால் சரி என்று. கெட்டிக்காரத் தரகர் ஒரே வீட்டுக்கு இவர்கள் எல்லாரிடமும் வாங்கிவிட்டு, உன்னிடம் மட்டும் "நீங்கள் சந்தோஷமாத் தாறதைத் தாங்கோ" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வாய் கட்டிப்போகும். கலியாணத் தரகருக்குத் தட்டில் வைத்துக் கொடுத்துப் பழகின சனம்தானே. விலை கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, என்வலப்பில் போட்டுக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணியும் வடையும் கொடுத்து அனுப்பிவிடுவோம். வேறு யார் உங்களுக்குத் தருகிறார்கள் என்று கேட்கமாட்டோம்.

தரகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் லேனில் தையல் கடை வைத்திருக்கிற ஜெயா அக்காவை உனக்கு நினைவிருக்கும், உன் பள்ளிக்கூடக் காற்சட்டைகளை எல்லாம் தைத்தவர். அவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. கை நிறைய உழைத்தாலும் கடதாசியில் ஒன்றும் இல்லை. வங்கிகளில் படியேறிப் படியேறி இறங்கினார். சிங்களத்தில் வருகிற கடிதத்தைக் கண்டாலே அவருக்கு வியர்க்கும். குணம்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனான். கடை வருமானத்தை எப்படிக் காட்டுவது என்று சொல்லிக்கொடுத்தான், கணக்காளரைப் பிடித்தான், வங்கி மனேஜரோடு முன்னால் இருந்து கதைத்தான். எனக்கு இவ்வளவு வேண்டும் அக்கா, கடன் வந்த பிறகு தாங்கோ, வராவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னான். கடன் வந்ததும் ஜெயா அக்கா அந்தக் காசைக் கொடுத்துவிட்டு, கொடுத்தது குறைவோ என்று என்னிடம் வந்து கேட்டார். அதுதான் தரகு. அந்தக் காசுக்கு அவன் வெயிலில் நின்றான், அவனுக்கு யார் காசு கொடுத்தது என்று அவருக்கும் தெரியும். நீ ஜெயா அக்கா இல்லை. உனக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, மூன்று பாஷையும் தெரியும், உன்னுடைய வங்கியில் உன்னை 'சேர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். ஒரு போன் வாங்குவதற்கு முன் இன்டர்நெட்டில் கிழமைக்கணக்கில் தேடிப் பார்க்கிற பிள்ளை நீ. வீட்டுக் கடனுக்கு மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாமா என்றதும் வாய் மூடிவிட்டது. அந்த விஷயத்தில் நீ என் பிள்ளைதான்.

கொம்பனி கொடுக்கிற காசை வாங்குவது களவு என்றும் நான் சொல்லமாட்டேன். வெளிநாடுகளில் அதைச் சட்டப்படி எழுதிக் காட்டிவிட்டுத்தான் வாங்குவார்களாம், தர்ஷியின் அண்ணன் சொன்னார். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். கொம்பனி காசு கொடுக்கிற தரகர் உனக்கு எந்தக் கொம்பனியைக் காட்டுவார்? காசு கொடுக்கிற கொம்பனியைத்தான். ஒருவருக்கும் ஒரு சதமும் கொடுக்காத வங்கி ஒன்று குறைந்த வட்டியோடு பக்கத்துத் தெருவில் இருந்தாலும், அதன் பெயர் அவர் வாயில் வராது. அவர் பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விடுகிறார், அவ்வளவுதான். பெரிய கடன் என்றால் அவருக்கும் பெரிய காசு. கெதியாக முடிந்தால் கெதியாகக் காசு. நீ ஆறுதலாக யோசிப்பது அவருக்கு நட்டம். கடன் கைக்கு வந்த பிறகு உன் தவணை ஏறினால் என்ன இறங்கினால் என்ன, அவருடைய பங்கு முடிந்துவிட்டது.

தவணை ஏறுவது என்றால் என்ன என்று நாங்கள் இந்தக் கட்டிடத்திலேயே பார்த்தோம். கீழ் மாடியில் இருந்த ராஜன் அங்கிள் குடும்பம் தரகர் ஒருவர் மூலம் கடன் எடுத்துத்தான் வீட்டை வாங்கினது. வட்டி குறைவு என்று சொன்னார்களே தவிர, அந்தக் குறைவு முதல் வருஷத்துக்கு மட்டும்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடதாசியில் இருந்தது, இல்லையென்று சொல்லமுடியாது. பெற்றோலுக்கும் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற அந்த வருஷம் வட்டி ஏறின ஏற்றத்தில், அந்த மனுஷனுக்குத் தவணை சம்பளத்தையே விழுங்கியது. அன்ரி நகையை வைத்தார், பிறகு விற்றார். கடைசியில் வீட்டையும் விற்றுவிட்டு வாடகைக்குப் போனார்கள். வட்டி ஏறினதற்குத் தரகர் பொறுப்பில்லை. ஆனால் அது ஏறக்கூடும் என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டாரே, அதற்கு அவர்தான் பொறுப்பு. சாமான் ஏற்றின லொறிக்குப் பக்கத்தில் அங்கிள் நின்றபோது நான் மேலே ஜன்னலடியில் நின்றேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் கால் வரவில்லை.

ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு நீ இன்னும் இரண்டு விஷயம் சொன்னாய். உனக்கு அது சின்ன விஷயம். கலியாண மண்டபச் செலவு, வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் சேர்த்து வீட்டுக்குத் தேவையானதைவிடக் கூடவே கடனாக எடுக்கச் சொல்லி மாமா சொன்னாராம். வட்டி எப்படிப் போகும் என்று நான் கேட்டபோது, முதல் வருஷம் மாறாது, பிறகு மாமா கதைத்துக் குறைப்பார் என்றாய். நீ போனதும் நான் அப்பாவிடம் சொன்னேன், குணத்திடம் நேரே கேட்கவேண்டும் என்று. அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "அவன் தாய்மாமன். கலியாணத்துக்கு முன்னால இதைப்போய்க் கேட்டு அவன் வராமல் விட்டால் சபையில என்ன சொல்லப்போறாய்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையில் வைத்து வாழ்த்துகிற பாலறுகுக்கு முன்னால் நிற்கவேண்டியவன் அவன், உன் தலைப்பாகையைக் கட்டவேண்டியவன் அவன். அவன் இடத்தில் வேறு ஆளை நிறுத்தினால் அதைக் காணாதது போல் இருக்கிற சனமா எங்கள் சனம்? கேட்காமல் விட்டால் உன்னை ஒரு பெரிய கடனில் தள்ளிவிடுவேன், கேட்டால் தம்பியைப் பறிகொடுப்பேன் என்று பயம் என்னைப் போட்டு வருத்தியது. திங்கட்கிழமை உனக்குப் போன் எடுத்தேன், நீ மீட்டிங்கில் நின்றாய். செவ்வாய்க்கிழமை சமையலை முடித்துவிட்டு, அப்பாவுக்குக் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, கோட்டைக்கு பஸ் ஏறி அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

வசந்தி மாமி கதவைத் திறந்து, தன் மனுஷன் உள்ளேதான் இருக்கிறார் என்றாள். குணம் சாரம் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்து போன் கதைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டு, வாங்கோக்கா, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறீங்கள், கலியாண வேலை ஏதும் பிழைச்சுதோ என்று கேட்டான். மாமி தேத்தண்ணி போடப் போனாள். நான் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் கேட்காமலே திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"குணம், இந்தக் கடனில உனக்கு என்ன வருது?"

"என்னக்கா கேக்கிறீங்கள்? மருமோன்ர காசில நான் ஒரு சதம் தொடுவனே?"

"அவன்ர காசைக் கேக்கேல்ல. கொம்பனி உனக்கு என்ன தருது எண்டு கேட்டனான்."

அவன் சிரித்தான். அது எல்லாருக்கும் கொடுக்கிறதுதான், அதால் உன்னுடைய வட்டி கூடப்போவதில்லை, இது தொழிலில் உள்ள வழக்கம் என்று சொன்னான். நீ கடன் கூட எடுத்தால் அவனுக்கும் கூட வருமோ என்று கேட்டேன். ஓம் என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. உன் சம்பளம் விழுகிற வங்கி அவனுக்கு ஏதும் தருமோ என்று கேட்டேன். அவங்கள் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்ல என்றான். அந்த வங்கியில் வட்டி குறைவு என்று அவனுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். அவன் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாமி தேத்தண்ணியோடு வந்து, கதை எங்கே போகிறது என்று விளங்காமல் நடுவில் நின்றாள். அவன் குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, அந்தக் காசை எடுத்து நான் என்ன செய்யப்போறன் எண்டு நினைச்சனீங்கள்? நான் தாய்மாமன். கலியாணத்தில அவனுக்குச் சங்கிலி போடவேணும். பவுன் விக்கிற விலையில நான் வேற எங்க போறது?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கவேண்டும். ஒரு சங்கிலியைப் போட்டு மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவன் இவ்வளவு காலம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனம் இளகியது. ஆனால் வாய் இளகவில்லை.

"அப்ப அந்தச் சங்கிலிக்கு வட்டி கட்டப்போறது அவன்தானே, குணம்" என்றேன்.

அவன் எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். அடிக்கவில்லை, மெதுவாகத்தான் சாத்தினான். மாமி தேத்தண்ணியை என் கையில் தரவும் முடியாமல் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாமல் நின்றாள். நான் படியால் இறங்கி வந்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது. பக்கத்திலிருந்த சிங்கள மனுஷி ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் தந்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. இனி அவன் வரமாட்டான் என்று மட்டும் சொன்னார். அதைவிட ஏசியிருக்கலாம்.

மகன், நான் போய்க் கேட்டது பிழை என்று நீ நினைக்கலாம். எங்கள் பக்கத்தில் தாய்மாமனிடம் கணக்குக் கேட்ட அக்கா என்று என்னைப் பற்றிக் கதைப்பார்கள், அதுவும் தெரியும். ஆனால் உன் மாமா கெட்டவனில்லை என்பதையும் நீ விளங்கிக்கொள். உன்னை ஏமாற்றவேண்டும் என்று அவன் ஒரு நாளும் நினைக்கவில்லை. தன் கைக்காசில் உனக்குப் போடுவதாகத்தான் அவன் நம்பினான். கொம்பனி தருகிற காசு வானத்திலிருந்து வருவதாக அவனுக்கு எண்ணம். இந்தத் தொழில் செய்கிற எல்லாருக்கும் நாளடைவில் அந்த எண்ணம் வந்துவிடும் என்று நினைக்கிறேன். உன்னுடைய தவணையிலிருந்துதான் கொம்பனி தன் ஆட்களுக்கும் தரகருக்கும் கொடுக்கிறது என்பதை உனக்கு யாரும் சொல்லவில்லை, அவனுக்கும் யாரும் சொல்லவில்லை. இனி நீ எந்தத் தரகரிடம் போனாலும், உறவோ அந்நியமோ, தேத்தண்ணி வருவதற்கு முன் கேள்: உங்களுக்கு யார் காசு தருவது, எவ்வளவு, எப்போது, உங்களுக்கு ஒன்றும் தராத வங்கி எது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறவரிடம் கடன் எடுக்காதே.

இன்றைக்குக் காலையில் வசந்தி மாமி போன் எடுத்தாள். நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன். கொம்பனியில் உன் பெயரில் இருந்த கடனை நிறுத்தச் சொல்லிக் குணமே சொல்லிவிட்டானாம். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது. "மச்சாள், அவர் கோவத்தில இல்ல. சங்கிலி இல்லாமல் எந்த முகத்தோட சபையில நிக்கிறது எண்டுதான் கேக்கிறார். கலியாணத்தண்டு எங்கயாவது போயிடுவம் எண்டுறார்" என்றாள். போனை வைத்துவிட்டு நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அவன் கோபத்தில் வராமல் விடுவான் என்று பயந்திருந்தேன். வெட்கத்தில் வராமல் விடுவான் என்று நான் யோசிக்கவே இல்லை. கோபம் என்றால் நானே போய்க் காலில் விழுந்தாவது தீர்த்திருப்பேன். வெட்கத்தை உண்டாக்கினவள் நான். நான் போய் அதைத் தீர்க்கமுடியாது.

ஆகையால் நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அந்தக் கொம்பனிக்குப் போகாதே. காலையிலேயே கட்டிடக்காரரின் ஒபிசுக்குப் போ. என்னுடைய வங்கியில் இன்றைக்கே விண்ணப்பம் போடுகிறேன், இன்னும் கொஞ்ச நாள் தாங்கோ என்று கேள். அவர் தரலாம், தராமலும் விடலாம். தராவிட்டால் அட்வான்சில் பிடிப்பார், அது உன் சேமிப்புக் காசு என்று எனக்குத் தெரியாமலில்லை. பொய் சொல்லி உன்னைத் தேற்ற நான் விரும்பவில்லை. அங்கிருந்து நேரே வங்கிக்குப் போ. நானும் வருகிறேன், வாய் திறக்காமல் பக்கத்தில் இருப்பேன். வீட்டுக்குத் தேவையானதை மட்டும் எடு. மண்டபச் செலவுக்கு அப்பாவும் நானும் இருக்கிறோம், முடியாவிட்டால் சின்ன மண்டபம்.

சனிக்கிழமை நீயும் தர்ஷியும் கொட்டாஞ்சேனைக்குப் போங்கள். எங்கள் வழக்கப்படி முதல் கலியாணக் கார்ட் தாய்மாமனுக்குத்தான், இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் வேண்டாம். வெற்றிலை, பாக்கு, தேங்காய் எல்லாம் நான் வாங்கித் தருகிறேன். கடனைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்காதே. அம்மா சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், நான் சொன்னது சரிதான். கதவு திறக்காவிட்டால் படியில் இருங்கள், மாமி எப்படியும் திறப்பாள். உள்ளே போனதும் காலில் விழுந்து கார்டைக் கொடுத்துவிட்டு, "வெறுங்கையோட வாங்கோ மாமா" என்று சொல். நகையைப் பற்றிக் கேட்கவோ வேண்டாம் என்று சொல்லவோ தேவையில்லை. அந்த ஒரு சொல் போதும், அவனுக்கு விளங்கும். மாமன் என்ன போட்டார் என்று மண்டபத்தில் கேட்கிற வாய்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ வெறுங்கழுத்தோடு மணவறையில் இரு.

வீடு கைவிட்டுப் போனாலும் போகட்டும். வெள்ளவத்தையில் வீடு கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். எனக்குத் தம்பி ஒருவன்தான்.

அம்மா